கொதித்த டிகாக்‌ஷன்

ஜூன் 2, ஞாயிறு

சேலத்தில் நல்ல காபிப்பொடி கிடையாது. ஆத்திரத்தில் எழுதவில்லை, அலைந்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். கடைவீதியில் ‘இப்போதுதான் வறுத்தது’ என்று பலகை மாட்டியிருப்பவரிடம் எப்போது என்று கேட்டால் கூரையைப் பார்க்கிறார். “ஃப்ரெஷ்ஷுங்க மேடம்.” கொட்டை கிடக்கும் கண்ணாடித் தொட்டிக்கு மூடி கிடையாது. ஓர் ஈ அதில் குடும்பத்தோடு வசிக்கிறது. ஃபேர்லேண்ட்ஸில் திறந்திருக்கும் புதுக் கடையில் பொய்யின் தரம் கொஞ்சம் உயர்வு. மல்லிகை, ஆரஞ்சுத் தோல், கருப்பட்டி என்று அட்டையில் சுவை எழுதி வைத்திருக்கிறார்கள். குடித்தால் அட்டையின் சுவைதான் வருகிறது.

ஆகவே நானே வறுக்கப் போகிறேன். ஏற்காட்டில் தோட்டம் வைத்திருப்பவர் ஒருவரிடம் பச்சைக் கொட்டை வாங்கியாகிவிட்டது. வெளிறிய பச்சை நிறம், காய்ந்த வைக்கோல் வாசனை. காபி என்று சொன்னால்தான் காபி.

காரணம் காபிதான். வேறொன்றுமில்லை. அப்பா காலை நடைக்குப் போய்விட்டு வந்தால், சில மாதங்களாக வீட்டுக் காபியைத் தொடுவதில்லை. “வெளியிலயே ஆச்சு சாமி” என்கிறார். வெளியில் என்றால் டீக்கடையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். கோகிலம் டீச்சர் வீடாம். மைதானத்தில் நடக்க வருகிறவர். கணக்கு டீச்சர், கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை. அம்மா போன மூன்று வருடத்தில் சொந்தக்காரர் வீட்டில்கூட ஒரு வாய் காபி குடிக்காத மனிதர் இவர்.

வீட்டில் நல்ல காபி இருந்தால் யாரும் வெளியே போய்க் குடிக்க மாட்டார்கள். அவ்வளவுதான் இதில் இருக்கும் விஷயம்.

ஜூன் 4, செவ்வாய்

முதல் வறுவல். இரும்பு வாணலி, பெரிய தீ. இணையத்தில் தாடி வைத்த ஒருவர் “கொட்டையோடு பேசுங்கள்” என்று அறிவுரை சொல்லியிருந்தார். பேசவில்லை. பேசியிருந்தாலும் அது கேட்டிருக்காது; அதற்குள் வெளியே கரியாகிவிட்டது. பிளந்து பார்த்தேன், உள்ளே பச்சை. எங்கள் கல்லூரி மாணவர்கள் நினைவுக்கு வந்தார்கள். நான் நூலகராக இருக்கும் பொறியியல் கல்லூரியில் இந்த வருடம் அதிகம் எடுக்கப்பட்ட பொருள், நூலகக் கழிப்பறைச் சாவி.

புகை மாடிக்குப் போய்விட்டது. மாடி வீட்டுப் பொன்னுரங்கம் கதவைத் தட்டினார். “ஏம்மா, ஒயர் எதாச்சும் எரியுதா? அப்பா இல்லையா?” மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பா இருக்கும் வீட்டில் ஒயர் எரியும் என்று அவருக்கு எப்படித் தோன்றியது என்று தெரியவில்லை.

“காபிங்க” என்றேன்.

“இதுவா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போனார்.

ஜூன் 7, வெள்ளி

இரண்டாவது வறுவல். தீயைக் குறைத்தேன், சீக்கிரம் இறக்கினேன். புளிப்பு. புல்லைக் கடித்த மாதிரி.

ஜூன் 9, ஞாயிறு

அப்பா நடையிலிருந்து திரும்ப இப்போதெல்லாம் வெயில் ஏறிவிடுகிறது. செய்தித்தாளை விரித்தபடி உட்கார்ந்திருந்தவரிடம், அக்கறையில்லாத குரலில் கேட்டேன்.

“எப்படிப்பா இருக்கும், அவங்க வீட்டுக் காபி?”

“காபி மாதிரி இருக்கும்.”

“இன்ஸ்டன்ட்டா?”

“சேச்சே. பில்டர்தான்.” கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். இதில் இவருக்கு என்ன பெருமை என்று புரியவில்லை.

“நம்ம வீட்டதவிட நல்லா இருக்குமா?”

பக்கத்தைத் திருப்பினார். “அது வேற இது வேற சாமி.”

இது பதிலா? கணக்கு டீச்சரோடு பழகுகிறவருக்கு ஒப்பிட்டுச் சொல்லவாவது வர வேண்டாமா?

ஜூன் 12, புதன்

வந்துவிட்டது!

மிதமான தீ. கை நிற்காமல் கிளற வேண்டும், அவ்வளவுதான் மர்மம். முதலில் மஞ்சள், ரொட்டி சுடும் வாசனை. பிறகு பழுப்பு. பிறகு, சோளம் பொரிவது போல ஒரு வெடி, இன்னொரு வெடி, அப்புறம் வாணலி முழுக்க. அந்தச் சத்தம் ஓய்ந்து கொஞ்ச நேரத்தில் இறக்கி முறத்தில் கொட்டி மின்விசிறிக்குக் கீழே புடைத்தேன். மெல்லிய தோல் கூடம் முழுக்கப் பறந்து அம்மா படத்து மாலையிலும் ஒட்டிக்கொண்டது. தட்டிவிட்டேன்.

வறுத்த கொட்டையை இரண்டு நாளாவது சும்மா விட வேண்டும், உள்ளே இருக்கும் காற்று வெளியேற வேண்டும் என்று படித்திருக்கிறேன். படித்ததைச் செய்யும் பொறுமை இல்லை. மாலையே கை மிஷினில் அரைத்து பில்டரில் போட்டு வெந்நீர் ஊற்றினேன். பொடி இட்லி மாவு போல் உப்பி, மூடியைத் தூக்கிக்கொண்டு வழிந்தது. துடைத்தேன். மீந்ததில் ஒரு டம்ளர் கலந்து அப்பாவிடம் கொடுத்தேன்.

அவர் குடித்தார். நான் எதிரில் நின்றேன்.

“நல்லா இருக்கு.”

“எப்படி நல்லா இருக்கு?”

“நல்லா இருக்குன்னா நல்லா இருக்கு.”

“நாக்குல கடைசில ஒரு இனிப்பு வருதா?”

“வதனி, நீ இப்படி நின்னு மூஞ்சியவே பார்த்துக்கிட்டிருந்தா எனக்கு நாக்குல ஒண்ணுமே வராது. உக்காரேன். உனக்கும் ஒரு டம்ளர் எடுத்துட்டு வா.”

“நான் அங்கயே குடிச்சாச்சு” என்றேன். அடுப்படியில் நின்றுகொண்டு ருசி பார்த்ததும் குடித்ததுதானே.

நாளைக் காலை இதைவிட நன்றாக இருக்கும். நடைக்குப் போவதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும்.

ஜூன் 13, வியாழன்

கொடுத்தேன். குடித்தார். “பிரமாதம்” என்றார். செருப்பைப் போட்டுக்கொண்டு போனார். வெயில் ஏறித்தான் திரும்பினார்.

ஜூன் 16, ஞாயிறு

இன்று இரண்டு விசித்திரங்கள்.

ஒன்று. அப்பா காலையில் எங்கள் பில்டரைக் கையில் எடுத்து, மின்மாற்றியைச் சோதிப்பவர் போல மேலும் கீழும் திருப்பிப் பார்த்தார். “இந்தக் குடை மாதிரி ஒரு தட்டு இருக்கே, இது எதுக்கு?”

“பொடிய அமுக்கி வைக்க. இல்லன்னா தண்ணி ஒரே பக்கமா இறங்கிரும்.”

“ஓ” என்றார். ஒரு பெரிய ரகசியம் விடுபட்டது போல. “அதான் கலங்கலா வருதா?”

அந்த அம்மாளுக்கு இதுகூடத் தெரியவில்லை போலிருக்கிறது. இவரைத் தூது அனுப்பிக் கேட்கிறார்.

இரண்டு. நடையிலிருந்து திரும்பும்போது கையில் சின்ன பிளாஸ்க். “டீச்சர் வீட்டுக் காபி. ஒரு வாய் குடிச்சுப் பாரு. மனசுல பட்டத சொல்லு.” ஆசையாக எதிரில் நின்றுகொண்டார்.

குடித்தேன். மனதில் பட்டதைச் சொன்னேன்.

“பொடி பழசு. பால் அடிப்பிடிச்சிருக்கு. சர்க்கரைய கலக்கவே இல்ல, அடியில கிடக்கு. இதெல்லாம்கூடப் போகட்டும்பா. டிகாக்‌ஷன அடுப்புல வச்சுக் கொதிக்க விட்டிருக்காங்க. கொதிச்ச டிகாக்‌ஷன் செத்த டிகாக்‌ஷன். காபியப் பத்தி அடிப்படைகூடத் தெரியாத ஆள்தான் இப்படிப் பண்ணுவாங்க. இத ஒருத்தருக்குக் குடிக்கக் குடுக்கறதுக்குத் துணிச்சல் வேணும்.”

அப்பா பிளாஸ்க்கின் மூடியைத் திருகினார், திறந்தார், திரும்பத் திருகினார்.

“கொஞ்சம்கூடவா நல்லா இல்ல?”

“சூடா இருக்கு.”

பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார். அவரே. தொட்டியில் தண்ணீர் ரொம்ப நேரம் ஓடியது. அந்த அம்மாளைச் சொன்னால் இவருக்கு இவ்வளவு வலிக்கிறது. குறித்துக்கொண்டேன்.

ஜூன் 19, புதன்

அப்பாவின் வலது கட்டைவிரலில் சூட்டுக் கொப்புளம். களிம்பு போட்டேன். வண்டியின் சைலன்சர் பட்டுவிட்டது என்றார். மைதானத்துக்கு நடந்துதான் போகிறார். சைலன்சர் எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. வயதானால் பொய்யும் தளர்ந்துவிடும்.

ஜூன் 22, சனி

ஆத்தூரிலிருந்து அத்தையின் போன். பழனியம்மாள், அப்பாவின் அக்கா. பாதிக்குப் பாதி சிக்கரி போட்டுக் குடிப்பவர். அவரைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் அவர் சொல்வதற்கு நிறைய வைத்திருந்தார்.

“ஏன் கண்ணு, ஊரே பேசுதாமே. உங்கப்பன் எவளோ டீச்சர் வீட்ல போய் உக்காந்துக்கறானாம்?”

“காபி குடிக்கப் போறாருங்க அத்தை.”

“காபி! உனக்கு வயசென்ன, சின்னப் பாப்பாவா? கல்யாணம் வரைக்கும் பேச்சாம். இங்க எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு.”

வறுத்த கொட்டைகளில் உடைந்ததைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். தொடர்ந்து பொறுக்கினேன்.

“இங்க பாரு. நான் அவன் அக்கா. நான் சொன்னா முறைப்பான். ஆனா நீ பொண்ணு. ‘எனக்குப் பிடிக்கல அத்தை’ன்னு ஒரு வார்த்தை சொல்லு. மிச்சத்த நான் பார்த்துக்கறேன். உன் பேச்ச மீறி அவன் ஒரு அடி வைக்க மாட்டான், தெரியுமில்ல?”

தெரியும். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

“இதுல யோசிக்க என்ன இருக்கு? ஞாயித்துக்கெழம பார்த்து ஒரு நாள் வரேன்.”

ஜூன் 23, ஞாயிறு

வறுக்கும்போது பேசக்கூடாது. வீட்டில் இருக்கும் ஒரே விதி அது. அப்பாவுக்கும் தெரியும். ஆனாலும் இன்று வாணலி வெடிக்கத் தொடங்கிய நேரத்தில் அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

“வதனி, ஒண்ணு கேக்கணும்.”

“இருங்கப்பா.”

“டீச்சரும் நானும் பேசினோம். இந்த வயசுல விழா கிழா எல்லாம் கெடையாது. ரிஜிஸ்தர் ஆபீஸ்ல ஒரு கையெழுத்து. அவங்க இங்க வந்து இருக்கலாம்னு. நீ சரின்னா. நீ வேண்டாம்னா, வேண்டாம். மனசுல ஒண்ணும் வச்சுக்க மாட்டேன்.”

கிளறிக்கொண்டே இருந்தேன்.

“என்ன சொல்ற?”

“இந்தத் தடவ கொட்டை நல்லா உப்பியிருக்கு” என்றேன்.

பிறகு கூடத்தில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தபோது வாணலி முழுவதும் கரி. நான் கிளறிக்கொண்டுதான் இருந்தேன். எப்படிக் கருகியது என்று தெரியவில்லை. தோட்டக்காரர் ஈரக் கொட்டையைக் கலந்து ஏமாற்றியிருக்க வேண்டும்.

ஜூன் 26, புதன்

காபி குடிக்கவில்லை. தலைவலி.

ஜூன் 29, சனி

ஒரு முடிவோடுதான் போனேன். என் கையால் வறுத்து, இரண்டு நாள் வைத்து, அரைத்த பொடியை ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டேன். “இதுதான் காபி. என் அப்பா குடித்துப் பழகியது இது” என்று அந்த அம்மாளிடம் சொல்லிவிட்டு வர வேண்டும். அவ்வளவு நாகரிகமாகச் சொன்னால் புரிந்துகொள்ளும் அளவுக்குப் படித்தவராகத்தான் இருப்பார்.

மைதானத்துக்குப் பின்னால் இரண்டாவது தெரு. கம்பிக் கேட். கதவு திறந்தே இருந்தது. உள்ளே மேஜையில் நரைத்த தலையோடு ஒரு பெண், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு செய்தித்தாளில் குறுக்கெழுத்துக் கட்டங்களை நிரப்பிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே சத்தம் போட்டார்.

“சார்! பால் பொங்குது, வாசம் வருது!”

“பார்த்துட்டேன் டீச்சர், பார்த்துட்டேன்!”

அப்பாவின் குரல். அடுப்படியிலிருந்து.

அதற்குள் டீச்சர் என்னைப் பார்த்துவிட்டார். எழுந்து வந்தார். “வதனிதானே? உள்ள வாம்மா. சார், ஒரு டம்ளர் சேர்த்துப் போடுங்க!”

அப்பா எட்டிப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார், தோளில் பிடிதுணி, கையில் ஒரு சின்னப் பாத்திரம். அதில் டிகாக்‌ஷன் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் வெந்நீர்கூட வைத்தறியாதவர். கம்பத்தின் மேல் நின்று மின்கம்பி இழுத்தவர், அடுப்பைப் பற்றவைக்க லைட்டர் எங்கே என்று என்னைக் கேட்பவர்.

“நீங்களா போடறீங்க?”

“கத்துக்கறேன் சாமி.”

“தினமுமா?”

“தினமும்தான்.”

“பிளாஸ்க்ல வந்ததும்…”

“அதுவும்தான்” என்றார் அப்பா. பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

டீச்சர் சிரித்துவிட்டார். “நீ சொன்னத ஒரு வார்த்தை விடாம வந்து சொன்னாரும்மா. செத்த டிகாக்‌ஷன், துணிச்சல் வேணும். நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். இவர்தான் அன்னிக்கு முழுக்க மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டிருந்தார்.”

அப்பா டம்ளர்களைக் கொண்டுவந்து வைத்தார். டீச்சர் ஒரு வாய் குடித்தார்.

“நேத்தவிட மோசம் சார்.”

“பின்ன ஏன் குடிக்கறீங்க?”

“இத்தன வருஷம் எல்லாருக்கும் போட்டுக் குடுத்தாச்சு. இப்பத்தான் ஒருத்தர் எனக்குப் போட்டுத் தரார். குடிக்காம விடுவேனா?”

அப்பா எதிர் நாற்காலியில் உட்கார்ந்து தன் டம்ளரை எடுத்தார். இருவரும் குடித்தார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. “ஏழெழுத்து, ‘மலையில் பிறப்பது’, சொல்லுங்க சார்” என்று டீச்சர் கட்டத்துக்குத் திரும்பிவிட்டார்.

“உக்காரும்மா.”

“காலேஜுக்கு நேரமாச்சு” என்றேன். சனிக்கிழமை கல்லூரி கிடையாது. பொடி டப்பா பையிலேயே இருந்தது.

வரும் வழியில், அம்மா உட்கார்ந்து காபி குடித்த ஒரு நாளையாவது நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். அப்பாவுக்குக் கொடுத்துவிட்டு எதிரில் நின்று முகத்தைப் பார்ப்பாள். அவர் தலையாட்டினால் அடுப்படிக்குப் போவாள். அங்கே மேடையில் அவளுடைய டம்ளர் ஆறிப் போயிருக்கும். நின்றுகொண்டே, ஒரே மூச்சில். உட்கார்ந்து குடித்த நாள் ஒன்று இருந்திருக்கும். எனக்குத்தான் நினைவில் இல்லை.

ஜூலை 7, ஞாயிறு

அத்தை சொன்னபடி வந்தார். பையைக்கூட இறக்கி வைக்காமல், “எங்க அந்த டீச்சரம்மா? வரச் சொல்லு, நானும் பார்க்கறேன்” என்றார். அப்பா போன் செய்தார். டீச்சர் பருத்திப் புடவையில் வந்து, கும்பிட்டு, உட்கார்ந்தார். அத்தை பெண் பார்க்க வந்த மாமியாரைப் போல அவரை உச்சியிலிருந்து பாதம் வரை அளந்தார். இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

“காபி சாப்பிடலாம்” என்று அப்பா எழுந்து உள்ளே போனார். நான் எழப் போனேன். “நீ இரு” என்றார். என்னைத் தாண்டிப் போகும்போது அவர் சட்டைப் பையில் பிடிதுணியின் நுனி தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் பாத்திரம் விழும் ஓசை. டீச்சர் எழுந்து உள்ளே போனார்.

அத்தை என் பக்கம் சாய்ந்தார். “சொல்லிடு கண்ணு. இன்னிக்கே முடிச்சுரலாம். உனக்குப் பிடிக்கலதானே?”

நான் பதில் சொல்வதற்குள் டீச்சர் தட்டோடு வந்தார். அப்பா அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றார். வாசனையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் மூன்று நாள் முன்பு வறுத்த கொட்டை. கொதிக்க வைத்திருந்தார்.

அத்தை ஒரு வாய் வைத்தார். முகம் சுருங்கியது. டம்ளரை டபராவில் டக்கென்று வைத்துவிட்டு, தேடி வந்தது கிடைத்துவிட்ட சந்தோஷத்தோடு நிமிர்ந்தார்.

“ஏனுங்க டீச்சரம்மா, புள்ளைங்களுக்குக் கணக்கு சொல்லித் தந்தா போதுமா? ஒரு காபி போடத் தெரியாதா? என் தம்பி இத்தன நாளா இந்தக் கழனித் தண்ணியத்தான் குடிச்சுக்கிட்டிருக்கானா?”

டீச்சர் குனிந்து தட்டை நேராக்கினார். அப்பாவைக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனமில்லை போல. அப்பாவின் முகம் அன்று பிளாஸ்க்கைத் திருகியபோது இருந்தது போலவே இருந்தது. அக்காவிடம் “நான்தான் போட்டேன்” என்று சொல்வதற்கு அவர் ஓர் அடி முன்னால் வந்தார். சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். என் தம்பியை அடுப்படியில் விட்டுவிட்டாளா என்று அத்தை தெருவைக் கூட்டுவார்.

“அத நான் போட்டேங்க அத்தை” என்றேன்.

“நீயா?”

“காலையிலயே போட்டு வச்சேன். அவங்க ஊத்தி எடுத்துட்டு வந்தாங்க, அவ்வளவுதான்.”

“ஒரு மாசமா வறுத்துப் பொகையக் கெளப்பறேன்னு மாடி வீட்டுக்காரரு சொன்னாரு. அதெல்லாம் இதுக்குத்தானா? இத்தன புஸ்தகம் படிச்சும் டிகாக்‌ஷனக் கொதிக்க விடக்கூடாதுன்னு தெரியாதா உனக்கு?”

பாதி சிக்கரி குடிக்கிறவரிடமிருந்து இது. விழுங்கிக்கொண்டேன். “தெரியலைங்க அத்தை.”

அத்தை என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கண்ணில் அப்பா திடீரென்று இளைத்துப் போனார்.

“அதான் என் தம்பி வெளிய போய்க் குடிச்சிருக்கான்! இவ கையால குடிச்சா மனுசன் எத்தன நாளைக்குத் தாங்குவான்? டீச்சரம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்களே வந்து இந்த அடுப்படியப் பார்த்துக்கங்க. இவளுக்கும் ரெண்டு எழுத்து சொல்லிக் குடுங்க.” பிறகு நினைவு வந்தவராக என்னிடம் திரும்பினார். “உனக்குச் சம்மதம்தானே?”

“சம்மதம்” என்றேன்.

டீச்சர் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். அப்பா அடுப்படிக்குள் போய்விட்டார். தொட்டியில் தண்ணீர் ரொம்ப நேரம் ஓடியது.

நல்ல பெயர் எடுக்க வேண்டும் என்று ஒரு மாதமாக வறுத்தேன். ஆத்தூர் முழுக்க நாளைக்கு என் காபியைப் பற்றித்தான் பேச்சு.

ஜூலை 8, திங்கள்

அப்பா இன்று நடைக்குக் கொஞ்சம் தாமதமாகப் போவதாகச் சொல்லி அடுப்படிக்குள் போனார். என் கொட்டை, என் மிஷின், என் பில்டர். குடைத் தட்டைப் போட மறந்தார். டிகாக்‌ஷனை அடுப்பில் ஏற்றினார். நான் மேஜையில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன்; சிரமமாகத்தான் இருந்தது.

இரண்டு டம்ளர் கொண்டுவந்து எதிரில் உட்கார்ந்தார். செய்தித்தாளை விரித்துக்கொண்டு, அதற்குப் பின்னாலிருந்து கேட்டார்.

“எப்படி?”

“படுமோசம்” என்றேன். “இன்னும் கொஞ்சம் இருக்கா?”